மூன்றாவது உள்ளீடு

தாம்பரத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அப்பா ஏசுதாசனை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீடு நிறைய உறவினர்கள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மகள் ஹெப்சி மின்சாரம் சோதிக்கும் மீட்டரோடு, மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி முன் ஏணியில் நின்றாள்.

அப்பா பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் லேப் நடத்தியவர். மோட்டாரை இயக்கத் தானே ஓர் ஆண்ட் கேட் சர்க்யூட் செய்து வைத்திருந்தார். அதற்கு வரும் எல்லா உள்ளீடும் 'ஒன்று' என்று இருந்தால்தான் மோட்டார் ஓடும். ஏதாவது ஓர் உள்ளீடு 'பூஜ்யம்' ஆனாலும் ஓடாது. தரைக்கடியில் சம்ப்பில் தண்ணீர் இருந்தது, மேல்தொட்டி காலி. அந்த இரண்டு உள்ளீடும் சரி, ஒன்று. ஆனால் மூன்றாவதாக ஓர் உள்ளீடு பூஜ்யம் காட்டியது. அதன் ஒயர் அப்பாவின் அறைக்குப் போய், கட்டில் இருந்த இடத்தில் அறுந்து கிடந்தது.

"அம்மா, இங்க என்ன இருந்துச்சு?"

"கட்டில்ல ஒரு சுவிட்ச். அப்பா அதைப் போட்டாத்தான் மோட்டார் ஓடும்," என்றாள் ரத்தினபாய். "கட்டிலத்தான் முதியோர் ஹோமுக்குக் குடுத்துட்டோமே."

ஹெப்சிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவள் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அவர் தலையாட்டிய பிறகே நடந்தன. ஒயர் அறுந்தாலும் பூஜ்யமாகவே இருக்கும்படி ஒரு ரெசிஸ்டர் வேறு வைத்திருந்தார்.

"போன பிறகும் நம்மள விடமாட்டாராம்மா?"

"அப்புறமா திட்டு. உங்க அத்தை பாத்ரூம்ல சோப்போட நிக்கிறாங்க."

ஹெப்சி ஒரு துண்டு ஒயரால் அந்த உள்ளீட்டை 'ஒன்று' காட்டும் ஐந்து வோல்ட்டோடு இணைத்தாள். மோட்டார் உறுமியது. இனி அது எப்போதும் ஒன்றுதான், அவரைக் கேட்க வேண்டியதில்லை. ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள்.