தேநீர் ஊற்றிப் பார்த்த படிகள்

புருல்கான் படி கட்டி முடித்ததும் அதன்மேல் தேநீர் ஊற்றி மந்திரம் போடுகிறாளாம். அதனால்தான் நாரின் என்னும் மலையூரின் குளிரிலும் அவள் படிகள் பிளப்பதில்லையாம். சந்தையில் கிளம்பிய இந்தப் பேச்சு கடைசியில் அவள் காதுக்கே வந்து சேர்ந்தது. தேநீர் மட்டும் உண்மை.

ஊற்றிய தேநீர் ஒரு படியில் தேங்கினால் அங்கேதான் உருகிய பனியும் தேங்கும். உள்ளே இறங்கி, உறைந்து, உப்பி, கான்கிரீட்டை உடைக்கும். அப்படிப்பட்ட படியை அவளே இடித்துவிட்டு, சரிவு பார்த்து மறுபடி போடுவாள். கலவை இளகலாக இருந்தால் கொத்தனாரைத் திட்டித் தீர்ப்பாள். போட்ட படிக்குத் தன் கூடாரத்துக் கம்பளியையே எடுத்துவந்து போர்த்துவாள்.

பிரசவ ஆஸ்பத்திரியின் பழைய படிகள் பொரிந்துபோய், போன வருடம் ஒரு கர்ப்பிணி வழுக்கி விழுந்தாள். அதனால் இந்த இலையுதிர் காலத்தில் புருல்கான் ஐந்து படிகள் புதிதாகப் போட்டாள். முதல் குளிர்காலத்தை அவை தாண்டியாக வேண்டும்.

முதல் பனி உறைந்த மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் காவலாளி கெரிம்பாய் அவளைத் தேடிப் பெருமையோடு வந்தான்.

"அக்கா, படியில ஐஸே இல்ல. ஆட்டுக்கு வெச்சிருந்த உப்புல அரை மூட்டையக் கொட்டிட்டேன்."

புருல்கான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உன் தலையில கொட்டியிருக்கலாமே தம்பி. அங்க கெட்டுப்போக ஒண்ணும் இல்ல."

"உப்பு நல்லதுதானே?"

"புதுப் படிக்கா? உப்புல பனி பகல்ல உருகி உள்ள இறங்கும், ராத்திரி உறையும். இப்படியே போனா வசந்தத்துக்குள்ள படியோட தோல் உரிஞ்சிடும். மணல் போட்டா போதும், கால் வழுக்காது."

போய்ப் பார்த்தால் மூன்றாம் படியை இரண்டு ஆடுகள் நக்கிக்கொண்டிருந்தன.

"இதுங்களாவது உதவி பண்ணுதுங்க," என்றாள். உப்புச் சேற்றைப் பெருக்கி வாளியில் அள்ளினாள். ஐம்பத்தெட்டு வயது முதுகு ஒருமுறைகூட நிமிரவில்லை. கெரிம்பாய் ஆற்றுமணல் கொண்டுவந்து தூவினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். உப்பு போடச் சொன்னதே டாக்டரம்மாதான். சாயங்காலமும் ஒரு தடவை போடணுமாம்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க திட்டுறதை நிறுத்தவே இல்லையே."

டாக்டரம்மா சொன்னால் தவிர அவன் கை நிற்காது. புருல்கான் அவருக்குப் போன் போட்டாள். மணி அடிப்பது மேல்மாடிப் பிரசவ அறை ஜன்னலிலிருந்து கீழே வரை கேட்டது. உள்ளே ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருந்தாள்; டாக்டரம்மா அவளோடு இருந்தார். சாயும் வெயில் மலை முகட்டைத் தொட்டுவிட்டது. துடைப்பத்தைப் படியின் குறுக்கே போட்டு, மிச்சமிருந்த உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, புருல்கான் மறுபடியும் போன் போட்டாள். மேலே மணி அடித்துக்கொண்டே இருந்தது.