பத்து லட்சத்து மூன்று

ஈரத்துணியால் துடைத்த சிலேட்டின் மண்வாசனையும், டயாலிசிஸ் முடிந்து வந்த அக்காவின் கையில் ஒட்டியிருந்த ஸ்பிரிட் நெடியும் கலந்ததுதான் எனக்கு அந்த மழைக்காலம். முதலியார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. மில் மூடியபின் அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பிளஸ் டூ படிப்பு பாதியில் நிற்க, சிறுநீரகம் இரண்டும் கெட்டு அக்கா கட்டிலில் கிடந்தாள். அம்மா தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தும், பொருந்தாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கிடந்தபடியே அவள் பிடித்துக்கொண்டது ஓர் எண். பத்து லட்சத்து ஒன்று, நூற்றொன்றால் மீதியில்லாமல் வகுபடுகிறது. பத்து லட்சத்து மூன்று எதனால் வகுபடும்?

"ஆயிரம் வரைக்கும் பாத்தாப் போதும் பாப்பா. ரெண்டு நம்பரும் ஆயிரத்துக்கு மேல இருந்தா, பெருக்குனா இதத் தாண்டிப் போயிடும்."

அவள் பகா எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, என் பழைய சிலேட்டில் நான் வகுத்தேன். ஏழுக்கு நான்கு மிச்சம். பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நான்குதான். முப்பத்தேழுக்கும் அதே நான்கு வந்தபோது அக்கா சிரித்தாள்.

"ஆறு ஒம்போதச் சேத்து எழுதுனா வர்ற நம்பரு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, முப்பத்தேழு எல்லாத்தாலயும் வகுபடும். நம்மளுது அத விட நாலு கூட. அதான்."

பகா எண் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்த எண் வகுபடுவதை அவள் மனதுக்குள் ஒரு நல்ல குறியாக வைத்துக்கொண்டுவிட்டாள். மாலையானால், "இன்னா, வகுபட்டுச்சா?" என்பாள். இல்லை என்றால், "நாளைக்கு வகுபடும்" என்று எங்களைத் தேற்றுவாள். அவள் கேட்பது கணக்கைப் பற்றி அல்ல என்று புரிந்த பிறகு, ஒவ்வொரு வகுத்தலையும் இரண்டு முறை போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு மட்டும் மீதமிருந்த மாலையில் அம்மா கட்டிலருகே வந்து நின்றுகொண்டாள். பன்னிரண்டு மிச்சம் வந்தது. மறுபடி போட்டேன், அதே பன்னிரண்டு. அக்கா சிலேட்டை வாங்கிப் பார்த்தாள்.

"சரியாத்தான் போட்டுருக்க."

"அடுத்ததுல பாருங்களேன்" என்றாள் அம்மா.

"அடுத்தது இல்லம்மா. இதுவே பகா எண்ணு. எதாலயும் வகுபடாது."

"கொழம்பு ஆறுது, சாப்புடுங்க" என்று அம்மா அடுப்படிக்குப் போனாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, "ஒண்ணாச்சும் இருந்திருக்கலாம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவளும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு முன்பே அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் தேடியதைக் கைபேசி, விரலை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் கஞ்சி வைத்து எடுத்துப் போகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிடுகிறாள். "சரியாயிடும்" என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.