சங்கு அக்கா பாராட்டக் கற்றது

லாண்டரியில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சங்கு. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம் அது. அத்தனை இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும் ஒரே குரல் அவளுடையதுதான். அழுக்குத் துணி பிரிக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேற்பார்வையாளர் நாற்காலிவரை வந்தவள். நாற்காலி என்பது பேச்சுக்குத்தான். அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

வேலையில் கெட்டிக்காரி, திட்டுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. விரிப்பின் ஓரம் கொஞ்சம் சுருங்கியிருந்தால் போதும், மடித்தவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அடுத்தடுத்து ரெண்டு பேர் வேலையை விட்டுப் போனதும் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“இன்னும் ஒருத்தர் உங்களால போனாங்கன்னா, இந்தப் பொறுப்பை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்மா,” என்றார். சத்தம் போடாமல் சொன்னதால்தான் அவள் மிரண்டுபோனாள். கையோடு தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்பிலும் அவளைச் சேர்த்துவிட்டார்.

பயிற்சியாளர் அவளுடைய மகள் வயதுப் பெண். “குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு பாராட்டு, பின்னாடி ஒரு பாராட்டு. குறை நடுவுல இருக்கட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பாராட்டு நிஜமா இருக்கணும். மனசுல படாததைச் சொல்லாதீங்க,” என்றார். முன்பாதியைச் சங்கு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்பாதி வந்தபோது, யாரிடம் எதைப் பாராட்டலாம் என்ற யோசனையில் இருந்துவிட்டாள்.

முதல் ஒத்திகை வீட்டில் நடந்தது. “இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குங்க,” என்றாள். புருஷன் பதறிப்போய், “எங்க கிழிஞ்சிருக்கு?” என்று முதுகைத் தடவிப் பார்த்தார். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே ஆனாள்!

மறுநாள் லாண்டரியில் ஆரம்பித்தது. “உன் பின்னல் அழகா இருக்கும்மா. ஆனா கறைத்துணியை வெள்ளையோட சேர்த்துப் போட்டிருக்க. மத்தபடி நீ தங்கமான பொண்ணு.” முதலில் எல்லோரும் குழம்பினார்கள். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. அக்கா கத்தினால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. “கம்மல் புதுசா? நல்லா இருக்கே!” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பெண் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்க்க ஓடியிருப்பாள். பயிற்சிக்குப் பிறகு ஆட்களுக்கு என்ன சுறுசுறுப்பு என்று சங்கு பூரித்துப்போனாள்.

தேய்ப்புக்காரன் விஷயத்தில்தான் சிக்கல். தேய்ப்பு இயந்திரத்தின் சூடான உருளைக்குள் அவன் விடும் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் வெளியே வரும். குறையே கிடைக்காது. ஆனால் நடுவில் ஏதாவது வைத்தாக வேண்டுமே! “அருமையா தேய்ச்சிருக்க தம்பி. ஆனா தொப்பி கோணலா இருக்கு பாரு,” என்பாள். அவன் தொப்பியைச் சரிசெய்வான். மனசுக்குள் வைத்துக்கொள்கிற சுபாவம்.

ஒருநாள் மத்தியானம் அந்த உருளையின் பெல்ட் அறுந்துபோனது. ஆபரேஷன் அறை விரிப்புகள் சாயந்திரம் போயாக வேண்டும். தேய்ப்புக்காரன் யாரையும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த பழைய இஸ்திரிப் பெட்டியை எடுத்தான். சாப்பிடப் போகாமல், நின்ற காலில் அத்தனையும் கையால் தேய்த்து முடித்தான். வேன் நேரத்துக்குக் கிளம்பியது. சங்குக்கு மனசு நிறைந்துவிட்டது. நேராக அவனிடம் போனாள்.

“தம்பி, இன்னைக்கு நீ இல்லேன்னா நாங்க எல்லாரும் தலைகுனிஞ்சு நின்னிருப்போம்.”

அவன் முகம் தொங்கிப்போனது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“சொல்லிடுங்கக்கா.”

“என்னத்தைச் சொல்ல?”

“அந்த ‘ஆனா’வைத்தான். உயிரைக் கொடுத்து வேலை செஞ்சாலும் உங்களுக்கு ஒரு ‘ஆனா’ கிடைச்சிடுது. இன்னொரு லாண்டரியில என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இன்னையோட நின்னுக்கறேன்.”

அவளுக்கு முதலாளி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பதவி போனால் போகட்டும், மனசாரச் சொன்ன ஒரு வார்த்தையை இவன் நம்பவில்லையே என்றுதான் இருந்தது. “ஆனாவெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அவ்வளவுதான்,” என்றாள். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. மீதியிருந்த வார்டு விரிப்புகளை மடிக்கத் திரும்பிக்கொண்டான்.

பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. சங்கு மறுமுனையைப் பிடித்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து மடித்தார்கள். அவன் அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

“அக்கா, உங்க பக்கம் மூலை கோணுது,” என்றான் அவன் கடைசியில்.

அவள் சரியாகப் பிடித்தாள்.

“ம், இப்ப நல்லா வருது.”

சங்கின் கை அப்படியே நின்றது. தோளெல்லாம் இறுக, அடுத்து வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் எதுவும் சொல்லாமல் அடுத்த விரிப்பை எடுத்தான். இந்தக் கூடத்தில் இத்தனை நாளும் எல்லோரும் தன் முன்னால் இப்படித்தானே நின்றார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“உங்களையெல்லாம் ரொம்பப் படுத்திட்டேன்ப்பா,” என்றாள். அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னக் குரல்.

அவன் கடைசி விரிப்பை அடுக்கின்மேல் வைத்துத் தட்டிவிட்டான். மேசையிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“காலையில பெல்ட்டு மாத்த மெக்கானிக் வருவாரில்ல? நான் கொஞ்சம் முன்னாடியே வந்துடறேன்க்கா.”

“வாப்பா,” என்றாள். தொப்பி கோணலாகத்தான் இருந்தது. அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.