மீன்மேல் விழுந்த பழி

கிண்ணியாவில் றுக்கியாவின் வாய்க்குப் பயப்படாதவை அவளுடைய ஒன்பது மாடுகள் மட்டும்தான். அதுகளுக்கும் ஏச்சு விழும். ஆனால் விடியப் பட்டிக்குள் போய் ஒவ்வொன்றின் காதையும் விரித்து உண்ணி பிடுங்கும்போது அந்தக் குரலே கொஞ்சலாகிவிடும். உண்ணி அவளையும் கடிக்கும். கணுக்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று. புருஷன் மௌத்தான பிறகு பால் விற்றே மகள் ஷிஃபானாவைக் கரைசேர்த்தவள், உண்ணிக்கா அசருவாள்? பிடுங்கி நசுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை என்றால் பகலுக்கு மாட்டிறைச்சி, இரவுக்கு மீன். மீன் கதிரவேலுடையது. சல்லி என்ற கடலோர ஊரிலிருந்து மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன். பன்னிரண்டு வருட வாடிக்கை.

நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு வெள்ளி. இராச்சோறு தின்று கொஞ்ச நேரத்தில் றுக்கியாவின் உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தப்பினாள். அடுத்த வெள்ளியும் அதே கூத்து. இரண்டு தரமும் கடைசியாக வயிற்றுக்குள் போனது மீன். வேறு எதைச் சந்தேகிப்பது?

மறுநாள் கதிரவேல் ஹோர்ன் அடித்ததும் தெருவுக்கே வந்துவிட்டாள்.

"நாறின மீன ஐசுக்குள்ள ஒளிச்சு வச்சா விக்கிறாய்? என்னக் கொல்லப் பாத்தியே! இனி இந்தத் தெருவில கால் வைக்காத!"

"அக்கா, அது விடியப் பிடிச்ச மீன்…"

அதற்கு மேல் அவனைப் பேச விட்டால்தானே! வேலியோரமெல்லாம் சனம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? ஒரு கிழமைக்குள் பக்கத்துத் தெருக்களும் கதிரவேலிடம் வாங்குவதை விட்டன. அவன் அந்தப் பக்கம் வருவதே நின்றுபோனது.

வயிறு ஆறட்டும் என்று ஷிஃபானா உம்மாவுக்கு மீனும் இறைச்சியும் இல்லாத பத்தியச் சோறே போட்டாள். இரண்டு மாதம் ஒரு வருத்தமும் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளன்று பகல் குர்பான் கொடுத்த மாட்டிறைச்சியை ஆசைதீரத் தின்றாள். இரவு தின்றது வெறும் இடியப்பமும் சம்பலும். தடிப்பு மறுபடி கிளம்பியது. வீட்டில் மீன் வாசமே இல்லை!

இந்த முறை பார்த்த டொக்டர் தர்சிகா, பகல் என்ன சாப்பிட்டாள், உண்ணி கடிக்கிறதா என்றெல்லாம் விசாரித்து இரத்தமும் எடுத்தாள். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, உண்ணி கடிச்சுக் கடிச்சு, மாட்டிறைச்சி ஆட்டிறைச்சி உங்கட உடம்புக்குப் பகையாப் போச்சு. திண்டு அஞ்சாறு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் காட்டும். இனி அதுகளைத் தொட ஏலாது. மீன் ஒண்டும் செய்யாது, நீங்கள் தாராளமாச் சாப்பிடலாம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இறைச்சி போனதை றுக்கியா நினைக்கவே இல்லை. தெருவில் போட்ட சத்தத்தை நினைக்க நினைக்க வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவன் ஒரு நாளாவது கெட்ட மீன் தந்திருக்கிறானா?

தெருவில் சுமத்திய பழியைத் தெருவில்தானே இறக்க வேண்டும். வீடுவீடாகப் போய், "கதிரவேல்ட மீனில பிழையில்ல, பிழை என்னிலதான்" என்று சொன்னாள். பிறகு ஷிஃபானாவோடு ஓட்டோ பிடித்து, சீனன்குடா தாண்டி, சல்லிக்குப் போனாள்.

கதிரவேல் முற்றத்தில் மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்தான். கண்டதும் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மன்னிச்சிடு தம்பி. ஊருக்கும் சொல்லிட்டுத்தான் வந்தனான்."

"அப்ப, மீன் நல்லதுதானோ அக்கா?"

"நல்லது தம்பி. அல்லாவுக்காகச் சொல்றன், நல்லது."

கதிரவேல் ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்தான்.

"நீங்கள் பொய் சொல்ல மாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியுந்தானே. என்ர கையிலதான் ஏதோ பிழை எண்டு நினைச்சன். அந்தப் பயத்தில அண்டையில இருந்து என்ர பிள்ளைக்கு ஒரு துண்டு மீன் குடுக்கேல்ல அக்கா."

றுக்கியா கதிரையில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். கதிரவேல் குசினிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான்.

"இலட்சுமி, இண்டைக்குப் பிள்ளைக்கு மீன் ஆக்கு."