முதல் திரையில் ஒரு வரி

குமுளியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் ஈஸ்வரனுக்கு வேலை. ஊர் சக்குபள்ளம். சின்ன வயதில் டிவியோடு ஒரு பெட்டியை மாட்டி, கேசட் செருகி ஆடிய வீடியோ கேம் ஆட்டங்களின் மேல் பிடித்த பைத்தியம் முப்பத்திரண்டிலும் தெளியவில்லை. அந்தப் பழைய பெட்டியில் ஓடுகிற மாதிரி ஒரு ஆட்டத்தை இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சொந்தமாக எழுதினான். இடுப்பில் சாக்கு கட்டிய ஒரு பொம்பளை, அட்டைப்பூச்சியையும் காட்டுப்பன்றியையும் தாண்டி ஏலக்காய் பறித்துக்கொண்டே ஓடுவாள். அது ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் அவன் அம்மா அழகுத்தாய்தான்.

சொந்த ஆட்டங்களுக்கென்று பெங்களூரில் ஒரு கண்காட்சி. எழுதியவன் பெயர் போட்டு வைப்பார்கள். அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தை அனுப்பினான்.

‘முதல் திரையில் ஒரு பெரிய கம்பெனியின் அனுமதி பெற்றது என்று இருக்கிறதே, அனுமதி உண்டா?’ என்று பதில் வந்தது.

அவன் ஆடி வளர்ந்த கேசட் அத்தனையிலும் அந்த வரி இருந்தது. அத்தனையும் கள்ளக் கேசட். பரீட்சைத் தாளில் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி, ஆட்டம் என்றால் அது இருக்க வேண்டும் என்று கை தானாகப் போட்டுவிட்டது. அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினான்.

இரண்டாவது பதில் ஒரு படத்தோடு வந்தது. நானூறு ஆட்டம் அடங்கிய கள்ளக் கேசட்டில் அவனுடையதும் இருந்தது. அந்த வரி அப்படியே இருக்க, அவன் பெயரை மட்டும் காணோம். ‘நீங்கள் எழுதியதாகவே இருக்கலாம். கம்பெனி பெயரோடு இது விற்பனையில் இருக்கும்வரை வைக்க முடியாது.’

உடனே பஸ் ஏறிக் கம்பத்துக்கு இறங்கினான். கேசட் வியாபாரி பூபதிராஜாவிடம்தான் வெறும் கேசட் கூடு வாங்குவான். வரியை அழிப்பதற்கு முன்னால், பார்க்கச் சொல்லி ஆட்டத்தைக் கொடுத்ததும் அவருக்கு மட்டும்தான்.

“பாக்கத்தானண்ணே தந்தேன்.”

“பாத்தேன். நல்லாருந்துச்சு, சேத்துட்டேன். நல்லா இல்லாதத எவன்டா சேப்பான்?”

“எம்பேர ஏண்ணே எடுத்தீக?”

“மேல கம்பெனி பேரப் போட்டது நானா?”

“அது சும்மா போட்டது.”

“நானும் சும்மாதான் சேத்தேன். சரி, அவ குதிக்கையில ஒரு சத்தம் வருதே, அது நீ போட்டதா?”

அது ஈஸ்வரன் பழைய ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த சத்தம்.

“விக்கிறத நிறுத்துங்கண்ணே, போதும்.”

“நான் நிறுத்திருவேன் தம்பி. என்கிட்ட வாங்கி நாலு பேரு காப்பி எடுத்துட்டானுக. அவனுககிட்ட வாங்கி இன்னும் எத்தன பேரோ. யாரன்னு தேடுவ? டீ சொல்லட்டா?”

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

வீட்டு வாசலில் அழகுத்தாய் காலில் அட்டை கடித்த இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். “பெங்களூருக்கு என்னைக்குடா? தோட்டத்துக் கங்காணிகிட்ட லீவு சொல்லணும்ல.”

“சொல்ல வேணாம்மா. எடுக்க மாட்டாகளாம்.”

“ஏன், நீ எழுதுனது இல்லயாமா?”

“நான் எழுதுனதுதான்.”

“அப்புறம் என்ன?”

அவள் கையில் செம்போடு பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தபடியே இருந்தாள். “மொதத் திரையில சும்மா ஒரு வரி போட்டேம்மா” என்றபடி அவன் செருப்பைக் கழற்றினான்.