தானாக ஆடிய கால்

எண்ணெய் தேய்க்கும்போது உடம்பு தானாகத் துடிப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் கால் ஒரு தரம் உதைக்கும். படிக்கட்டில் தவறி விழுந்ததுபோல ஆளைத் தூக்கிவாரிப் போடும். தோள்பட்டையில் இறுகிக் கிடக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் சதை ஒரு துள்ளு துள்ளி அடங்கும். வயிறு கடமுடவென்று சத்தம் போடும். உயிரோடு இருக்கிற எல்லா உடம்பும் செய்வதுதான். இதைக் கொண்டு ஒரு மனிதன் அடையாறில் மூன்று அறைகளும் ஒரு பெயர்ப்பலகையும் சம்பாதித்தான் என்றால், அது உடம்பின் பெருமை அல்ல, அதைக் கொண்டுவந்து படுக்க வைத்தவர்களின் புத்தி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த எண்ணெய் வைத்திய நிலையத்தில் வேலை பார்த்தேன், பெண்கள் பகுதியில். அதற்கு முன்னால் மூன்று வருடம் ஓர் ஆஸ்பத்திரியில், நடக்க முடியாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் உதவியாளாக இருந்தேன். கை கால் பிடித்துவிடுவதெல்லாம் அங்கே கற்றதுதான். அந்த வேலை போனதும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் மாறி அடையாறு வந்துகொண்டிருந்தேன்.

முதலாளி அதற்கு முன் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் விற்றவர். கேரளத்தில் ஆறு வாரம் எங்கோ தங்கிவிட்டு வந்து பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டார். நல்ல குரல், நல்ல ஜிப்பா. ஒருநாள் தி. நகர் நகைக்கடைக்காரர் வீட்டு அம்மாள் ஒருவருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கால் வெட்டி இழுத்தது. அவர் பயந்துபோய்க் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முதலாளி திரைக்கு வெளியே இருந்தபடியே, பல வருடமாக உள்ளே அடக்கி வைத்த துக்கம் வெளியேறுகிறது, இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றார். அந்த அம்மாள் குப்புறப் படுத்தபடியே அழ ஆரம்பித்தார். அவருக்கு என்ன துக்கம் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அந்த அம்மாள் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேரும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் துடிக்க வேண்டும். போன வாரம் எனக்கு ஒரு கால்தான் அசைந்தது, இந்த வாரம் இரண்டும் என்று காத்திருக்கும் அறையில் பேசிக்கொள்வார்கள், பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல. துடிக்காதவர்கள் முகம் தொங்கிப் போவார்கள். பிறகு அவர்களுக்கும் துடிக்க ஆரம்பித்துவிடும்.

கைக்கு எல்லாம் தெரியும். நிஜமான துடிப்புக்கு முன்னறிவிப்பு கிடையாது. சதைதான் முதலில் குதிக்கும், ஆள் பிறகுதான் விழித்துக்கொள்வார். பொய்த் துடிப்பு மூச்சில் ஆரம்பிக்கும். ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து, தோளை இறுக்கி, அப்புறம் ஒரு உதறல். என்னோடு வேலை பார்த்த அக்கா கோடம்பாக்கத்தில் பதினைந்து வருடம் சினிமாவில் பின்வரிசையில் ஆடியவர், இடுப்பு பிடித்துக்கொண்டதும் இந்த வேலைக்கு வந்தவர். ஒவ்வொருவரும் போன பிறகு துண்டை மடித்துக்கொண்டே, இவங்களுக்கு இன்னொரு டேக் எடுக்கணும் என்பார். நானும் ஒன்றும் உத்தமி இல்லை. இன்னிக்கு நல்லா அசைஞ்சுது மேடம் என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும் என்று தெரிந்து, எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

அந்த டீச்சர் வந்தது அப்போதுதான். மயிலாப்பூரில் கணக்கு டீச்சர், ஐம்பது வயதிருக்கும். வரும்போதே சொந்தத் துண்டு, சொந்தச் செம்பில் தண்ணீர். நான் டம்ளரில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார், பையிலிருந்து செம்பை எடுப்பார். நான் தொட்ட தண்ணீர் அவர் வாய்க்குள் போகக்கூடாது. ஆனால் கழுத்திலிருந்து கால்வரை என் கை போகலாம், அதற்குத் தடை இல்லை. ஒருநாள்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. சுவரிடம் சொல்வதுபோல, கொஞ்சம் கீழே, அங்கேதான், என்பார்.

அவருக்குக் கை விரல் மரத்துப் போகிறதாம், ரவிக்கை கொக்கி போட முடியவில்லையாம், கரும்பலகையில் எழுதினால் வரி கோணிக்கொண்டு போகிறதாம். நச்சு நீர் விரல் நுனி வழியாக இறங்குகிறது என்று முதலாளி சொல்ல, கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, அவர் உள்ளங்காலைப் பிடித்து மேலே தள்ளினேன். கால் அடிக்க ஆரம்பித்தது. ஒரு தரம் துள்ளி அடங்குகிற துடிப்பு இல்லை. தையல் மெஷினில் கால் வைத்து மிதிப்பதுபோல, ஒரே தாளத்தில், நான் பிடித்திருக்கிற வரைக்கும் அடித்தது. விட்டதும் நின்றது. மறுபடி தள்ளினேன், மறுபடி அடித்தது. மற்றக் காலும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவரின் காலை இப்படித் தள்ளிக் காட்டித்தான், கழுத்தில் நரம்பு நசுங்கினால் காலில் தெரியும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த மூட்டைக்காரரின் கழுத்தை யாரும் அசைக்கக்கூடாது என்று கட்டிலில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

நான் டீச்சரிடம் சொல்லவில்லை. கழுத்துப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாமல் ஐந்து வாரம் ஓட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதியை மறைக்க முடியாது. என் கையால் தண்ணீர் வாங்காதவருக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஓர் அருவருப்பு வருகிறது, முதலாளிமேல் வந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

முதலாளிக்கு அந்தக் கால் ஒரு புதையல். டாக்டர் என்பதால் பெண்கள் பகுதிக்குள் வர அவருக்கு மட்டும் அனுமதி. ஒருநாள் நகைக்கடை அம்மாளையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்து வந்து, டீச்சர்மேல் போர்வையைப் போர்த்தச் சொல்லி, பாதத்தை மட்டும் வெளியே எடுத்துத் தள்ளிக் காட்டினார். கால் அடித்தது. மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நகைக்கடை அம்மாளின் கண்ணில் பொறாமையே தெரிந்தது. டீச்சர் படுத்தபடி, பரிசு வாங்கும் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சக்தி கழுத்துவரை ஏறி அங்கே அடைபட்டு நிற்கிறது, திறந்துவிட்டால் போதும் என்றார் முதலாளி. திறப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தாடையைப் பிடித்துக்கொண்டு சட்டென்று ஒரு திருப்பு, ஒரு சொடுக்குச் சத்தம். அதுதான் அவருடைய பெரிய வித்தை. தலைமாட்டுக்குப் போய் நின்று டீச்சரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். எண்ணெய்க் கை, வழுக்கியது. திரும்பவும் பிடித்தேன்.

"கழுத்துல கை வெக்காதீங்க சார்" என்றேன். பிறகு டீச்சரைப் பார்த்து, "மேடம், இது சக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. கழுத்துல நரம்பு நசுங்கிக்கினு கீது. ஆஸ்பத்திரில பாத்துருக்கேன். நரம்பு டாக்டராண்ட போங்க. கழுத்தை யாரையும் திருப்ப வுடாதீங்க" என்றேன்.

டீச்சர் போர்வையை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"நீ எண்ணெய் தேய்க்க வந்தவ. உங்கிட்ட நான் வைத்தியம் கேக்கலை" என்றார், சுவரைப் பார்த்து.

முதலாளி சிரித்தார். கீழ்நிலை மனங்களுக்கு இந்தச் சக்தியைத் தாங்க முடியாது என்று அந்த மூன்று பேரிடம் விளக்கினார். அதே குரலில், என்னைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். நான் கைகூடக் கழுவாமல் கிளம்பினேன். ஆனால் ஒன்று. அன்றைக்கு டீச்சர், மனசு சரியில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போய்விட்டாராம். கழுத்தைத் திருப்பவில்லை. அக்காதான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வந்து சொன்னார்.

அதன் பிறகு நான் பிரசவமான பெண்களுக்கு வீட்டுக்கே போய் உடம்பு பிடித்துவிட ஆரம்பித்தேன். ஆறேழு மாதம் கழித்து பாண்டி பஜாரில் அக்காவைப் பார்த்தபோது மீதிக் கதை தெரிந்தது. டீச்சர் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்திருக்கிறார். வீட்டுக்காரர் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். ஸ்கேன் எடுத்து, கழுத்தில் ஆபரேஷன் செய்து, கொஞ்சம் தாமதித்திருந்தால் கால் இரண்டும் போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

"முழுசாக் கேளு" என்றார் அக்கா. டீச்சர் கழுத்துப் பட்டையோடு ஓர் ஆட்டோ பிடித்து நிலையத்துக்கு வந்தாராம், கையில் மைசூர்பாகு டப்பா. காத்திருந்த பெண்கள் முன்னால், என் வியாதியை முதலில் கண்டுபிடித்தவர் நம்ம டாக்டர்தான், கழுத்தில்தான் அடைப்பு என்று அன்றைக்கே சொன்னார் என்று பேசினாராம். முதலாளி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாராம். அக்கா அந்த நிலையை நடுத்தெருவில் நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாதிக்குக்கூட ஒரு புத்தி இருக்கிறது, நசுக்குகிற இடத்தில் நசுக்குகிறது. இவர்களுக்கு அது கிடையாது.

அடுத்த வருடம் மயிலாப்பூர் மாடவீதியில் டீச்சரை நேருக்கு நேர் பார்த்தேன். பட்டை இல்லை, கழுத்தில் தழும்பு மட்டும். நன்றாகத்தான் நடந்து வந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே நிறுத்தினார்.

"நீ அங்கே இருந்த பொண்ணுதானே? நன்னா பிடிச்சு விடுவே. இப்போ வர்றவ கையிலே பலமே இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் ஆத்துக்கு வந்து காலுக்குத் தேய்ச்சு விடறியா?"

கால் இப்போது அடிக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நின்னுடுத்து."

அன்றைக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதில் பொய்யும் இருந்திருக்காது. நான் சொன்னது அவர் காதில் விழுந்து, அங்கிருந்து முதலாளியின் குரலில்தான் உள்ளே போயிருக்கிறது.

எனக்கு எந்தக் கிழமையும் ஒழியாது என்றேன். செவ்வாயும் வெள்ளியும் சும்மாதான் இருந்தேன். டீச்சர் தலையைச் சாய்த்து என் முகத்தை ஒரு கணம் பார்த்தார், முதல் தடவையாக. பிறகு பூக்காரியிடம் திரும்பி, முழம் இவ்வளவு குட்டையா என்று கேட்க ஆரம்பித்தார். நான் குளத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.