அண்ணன் இழுத்துப் பார்த்த கயிறு

எங்கள் அண்ணன் கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கு அவருடைய ஒரே தங்கச்சி சொல்வது இது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று இடைக்கிடை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அதில் பெரிய பங்கு அண்ணனுக்குத்தான் போனது.

பிறந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பா நேரத்தோடு போய்விட, அண்ணன் சிறுவயதிலேயே வாவியைக் கடக்கும் பாதையில் வேலைக்குச் சேர்ந்தார். பாதை என்றால் வெளியூர்ப் பிள்ளைகள் தெருவென்று நினைக்கும். ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூடைகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை அது. "நீ இஞ்சால வா, மூடைய அங்கால வை" என்று எல்லோரையும் இடம் மாற்றாமல் அதைக் கிளப்ப விடமாட்டார். ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையை ஒரு ஓரத்திலும் தோழனை மறு ஓரத்திலும் நிறுத்திவிட்டார். ஏச்சு வாங்கினார். ஆனால் அவர் நின்ற பாதை ஒருநாளும் சரிந்ததில்லை.

கல்யாணம் முடித்துக் கல்லடியில் மச்சாள் வீட்டுக்குப் போனார். சந்தேகமும் கூடவே போனது. மீன்காரரின் தராசு, தயிர்ச் சட்டியின் அடி, எதையும் பாராமல் விடமாட்டார். என் வீட்டுக் கதிரையையும் குலுக்கிப் பார்த்துத்தான் உட்காருவார்.

வயது போன காலத்தில் தன் மகளின் மகளோடு சேர்ந்துகொண்டார். முற்றத்தில் ஒரு பேசின் தண்ணீர். பேத்தி வாழைத்தண்டிலும் சவர்க்காரப் பெட்டியிலும் தோணி செய்வாள். அண்ணன் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக ஏற்றுவார். சரிந்தால் "பாத்தியா?" என்று அப்படி ஒரு சந்தோசம்! ஈர்க்கிலால் பாலம் கட்டினால் மேலே தேங்காயை வைப்பார்.

"நிக்குதே அம்மப்பா!"

"இப்ப நிக்குது. காத்து அடிச்சா?"

ஓடிப்போய் விசிறி எடுத்து விசிறுவாள்.

"மழ பெஞ்சா?"

செம்பால் தண்ணீர் ஊற்றுவாள். பாலம் அசையாது. அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டு, தேங்காயைத் திருவச் சொல்லி உள்ளே அனுப்புவார்.

"ஒருக்காச் சரி நல்லமெண்டு சொல்லுங்களன்" என்று அவள் அழுததும் உண்டு. அந்த ஒரு சொல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கடைசி மாதங்களில் அண்ணன் படுக்கையில் விழுந்தார். குரல் தேய்ந்துவிட்டது. கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது என்ற பயத்தில் மச்சாளின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்திருப்பார். மச்சாள் கண்ணயர வழியில்லாமல் வாடிப்போனார். உதவிக்கென்று நானும் அங்கே போய் நின்றேன்.

பேத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தையற்காரியிடம் வெறும் நூல்கட்டை ஒன்று வாங்கினாள். ஓட்டையில் கம்பி நுழைத்துச் சுவரில் மாட்டி, அதன்மேலாக ஒரு கயிற்றைக் கட்டிலிலிருந்து குசினி அடுப்படிவரை ஓடவிட்டாள். குசினி முனையில் கல் போட்ட பால்மா டின்.

"இத இழுங்க அம்மப்பா. நாங்க ஓடி வருவம்."

"அறும்."

"இழுத்துப் பாருங்களன்!"

இழுத்தார். டின் கலகலத்தது. நான் ஓடினேன்.

"என்ன அண்ணே, தண்ணியா?"

"ஒண்டுமில்ல. வாறியாண்டு பாத்தன்."

சோறு வடிக்கும்போது இழுத்தார். மீன் கழுவும்போது இழுத்தார். மெல்லவும் இழுத்தார், சுண்டியும் இழுத்தார். செதில் ஒட்டிய கையோடு ஓடி ஓடி என் முழங்கால் போய்விட்டது.

"மச்சாள், இந்த மனிசன் கயித்தச் சோதிக்கிறாரா, என்னயா?" என்று கேட்டேன்.

"ரெண்டயுந்தான் கா" என்று மச்சாள் சிரித்தார்.

மறுகா ஒரு மத்தியானம் டின் சத்தமே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் சேலைத் தலைப்பை விட்டிருந்தார். கயிறு விரலில் சுற்றியிருந்தது.

"நீ போய்க் கொஞ்சம் படு கா" என்றார் மச்சாளிடம்.

மச்சாள் அடுத்த அறையில் பாயைப் போட்டு, பொழுது சாயும்வரை தூங்கினார்.

பள்ளிக்கூடத்தால் வந்த பேத்தி என்னிடம் கேட்டாள்: "அம்மப்பா நல்லமெண்டு சொன்னாரா?"

"சொல்லல்ல புள்ள. அம்மம்மாவப் படுக்கச் சொன்னாரு."

அவள் வாசலில் நின்று, தூங்கும் அம்மம்மாவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அம்மப்பாவைப் போலவே தாடையைச் சொறிந்துகொண்டு, "டின்னுக்க இன்னும் கல்லுப் போடணும்" என்றாள்.

மழை தொடங்கிய நாட்களில், கயிறு கையிலிருக்க, மச்சாள் பக்கத்திலிருக்க, அண்ணன் அமைதியாகப் போனார்.

நோயில் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், நூல்கட்டை தந்த தையற்காரிக்கும், அவரைச் சுமந்த தோள்களுக்கும், செத்தவீட்டு அமுதுச் சாப்பாட்டுக்குக் கறி அரிந்த கைகளுக்கும் எங்கள் கும்பிடு. திவசத்துக்கு வருகிறவர்கள் பந்தலுக்குள் பயமில்லாமல் இருங்கள். பந்தற்கால் ஒவ்வொன்றையும் பேத்தி ஆட்டிப் பார்த்திருப்பாள். நல்லம் என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டாள்.